ட்ரெஷர் ட்ரோவ்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்களின் வரைவில் 'ட்ரெஷர் ட்ரோவ்' (treasure trove) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் என் பேனா அங்கே நின்றுவிடும். தொடக்கத்தில் நாங்களெல்லாம் தடுக்கி விழுந்த அதே இடம். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ட்ரோவ் என்பது பெட்டி அல்ல

புதையல் இருக்கும் குழி, பெட்டி என்று பலர் ஊகிக்கிறார்கள். நார்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தில் வேரூன்றிய பிரெஞ்சிலிருந்து வந்த சட்டச்சொல் அது. 'ட்ரெசோர் ட்ரூவே' என்றால் கண்டெடுத்த செல்வம். 'கண்டெடுத்த' என்ற அடைமொழி பின்னால் நின்றதால், ஆங்கிலத்தில் போகப்போக அதுவே 'குவியல்' என்ற பெயர்ச்சொல்லாகிவிட்டது.

மண்ணில் கிடைத்ததெல்லாம் ட்ரெஷர் ட்ரோவ் அல்ல

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பழைய ஆங்கிலேயச் சட்டப்படி, தங்கமோ வெள்ளியோ திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளிக்கப்பட்டிருக்க வேண்டும். உரியவர் யாரென்று தெரியக் கூடாது. அப்போதுதான் அது அரசுக்குப் போகும். தொலைந்ததும், இறந்தவரோடு புதைத்ததும் சேராது.

1939இல் சஃபோக் பகுதியின் சட்டன் ஹூவில், ஆங்கிலோ-சாக்சன் கப்பல் புதைகுழியிலிருந்து தங்கம் குவிந்தது. அது ட்ரெஷர் ட்ரோவ் அல்ல என்று விசாரணையில் முடிவானது. நில உரிமையாளர் எடித் பிரிட்டிக்கே எல்லாம் சொந்தம். அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடையாகத் தந்தார். இந்தப் பகுதியை மொழிபெயர்த்த ஒரு இளைஞர், தங்கம் எப்படிப் புதையலாகாமல் போகும் என்று 'அல்ல'வை அடித்துவிட்டார். ஒரே சொல்லில் உரிமை அரசுக்குப் போனது, கொடை அர்த்தமற்றுப் போனது. அச்சான பிறகே கண்ணில் பட்டதால், பதினாறு பக்க ஃபாரம் (ஒன்றாக அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. மூலம் விசித்திரமாகப் பட்டால் கேளுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள்.

அப்புறம், எந்த நாட்டுச் சட்டம் என்றும் பாருங்கள். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் திரும்ப எடுக்கும் எண்ணம் பற்றிய கேள்வியை விலக்கிவிட்டது. இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வரையறையிலும் அது கிடையாது. மண்ணில் மறைந்திருந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே 'புதையல்' என்றே எழுதலாம்.

கேஷ்

இதுவும் குழப்பும் சொல் (cache): ஒளித்துவைத்த சரக்கு. 'கேஷே' என்று உச்சரிக்காதீர்கள்.

ஹோர்ட்

இது hoard: சேர்த்துப் பதுக்கியது. கும்பலைக் குறிக்கும் ஹோர்ட் (horde) வேறு.

ஆவணப் புதையல்

செய்திகளில் ஆவணங்களின் 'ட்ரோவ்' என்று வந்தால் பெரும்பாலும் 'ஏராளமான ஆவணங்கள்' போதும்.