மழை வார இறுதிக்கு வித்தியாசமான படம் சொல்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் போதும், படம் பார்க்கிற பழக்கமுள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி வந்துவிடும்: “ரெண்டு நாளைக்கு வெளிய போக முடியாது போல. வித்தியாசமா ஏதாவது சொல்லேன், ஆன்லைன்ல வாடகைக்கு எடுத்துப் பாக்கறோம்.” உடனே பத்துப் பெயர்களைத் தட்டி அனுப்பிவிடுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை முதல் அரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. படத்தைச் சொன்னவர் அதை யார், எத்தனை மணிக்கு, எந்தத் திரையில், எந்த மொழியில் பார்க்கப் போகிறார்கள் என்று யோசிக்காததுதான் காரணம்.

மழைக்கு மழைப் படம்

எல்லோரும் செய்கிற முதல் தவறு இது. வெளியே மழை, எனவே படத்திலும் மழை இருக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் சினிமாவில் மழை பெரும்பாலும் துக்கத்துக்கோ பயத்துக்கோதான் பெய்கிறது. ஷாஜி என். கருணின் ‘பிறவி’யில் கேரள மழை அவ்வளவு அழகாக வரும். 1989 கான் விழாவில் அந்தப் படத்துக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. ஆனால் அது காவலில் காணாமல்போன மகனுக்காகப் படகுத்துறையில் காத்திருக்கும் ஒரு கிழவரின் கதை. பஜ்ஜியும் டீயுமாக உட்கார்ந்தவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இதைக் கொடுத்தால் அந்த இரவு கனத்துப்போகும். பாங் ஜூன்-ஹோவின் ‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ (2003) படத்தில் மழை இரவுகளில்தான் கொலைகள் நடக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் உண்மையாக நடந்த கொலைகளைத் தழுவியது அது. கொலையாளி யார் என்பது நிஜத்தில் தெரியவந்ததே 2019-இல்தான். அற்புதமான படம். தனியாக இருக்கும் ஒருவருக்கு மின்சாரம் போய்ப் போய் வரும் இரவில் அதைச் சொல்ல வேண்டாம்.

மழையே வேண்டும் என்பவர்களுக்கு மகோட்டோ ஷின்காயின் ‘தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ (2013) பொருந்தும். டோக்கியோவின் மழைக்காலம், ஒரு பூங்கா, இரண்டு பேர். 46 நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தைகள் இருந்தால் ‘மை நெய்பர் டோடோரோ’ (1988). மழையில் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு காத்திருக்கும் காட்சி அதில் இருக்கிறது, 86 நிமிடம்தான். நேர் எதிராகப் போவதும் நன்றாக வேலை செய்யும். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ஒன்றேகால் மணி நேரம் முழுக்க மதுரைப் பக்கத்து வெயிலும் புழுதியும்தான். வெளியே கொட்டும்போது அந்தக் காய்ந்த நிலத்தைப் பார்ப்பது தனி அனுபவம்.

இன்னொன்று. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’, வெள்ளத்தில் மூழ்கிய உலகில் ஒரு பூனையின் பயணம். வசனமே கிடையாது, குழந்தைகளும் பார்க்கலாம், எல்லா வகையிலும் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் 2015-லோ 2023-லோ சென்னையில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறியதைப் பார்த்த குடும்பத்துக்கு டிசம்பர் மழையில் அதைச் சொல்வது சரியில்லை. ஏப்ரலில் சொல்லுங்கள்.

‘வித்தியாசம்’ என்றால் மெதுவாகவும் சோகமாகவும் இருக்க வேண்டியதில்லை

கேட்டவர் பழகிய மசாலாவுக்கு வெளியே ஏதாவது கேட்கிறார். நாம் நம் ரசனையின் உச்சியில் இருப்பதை எடுத்து நீட்டுகிறோம். 201 நிமிடம் ஓடும் ‘ஜான் தீல்மன்’, ஏழு மணி நேரத்தைத் தாண்டும் ‘சாத்தான்டாங்கோ’ எல்லாம் மகத்தான படங்களாக இருக்கலாம்; முதல்முறை கேட்பவருக்கு அவை தண்டனை. வேகமாகவும் வேடிக்கையாகவும் ஓடிக்கொண்டே விசித்திரமாக இருக்கும் படங்கள் ஏராளம். ஸ்கார்செஸியின் ‘ஆஃப்டர் அவர்ஸ்’ (1985) 97 நிமிடம். நியூயார்க்கில் ஒரே இரவில் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும் ஓர் அலுவலக ஊழியனின் கதை. இதிலிருந்து தொடங்கலாம்.

நீளம் பற்றி ஒரு நடைமுறை விதி: இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பிப்பவர்களுக்கு 110 நிமிடத்தைத் தாண்டாத படம் மட்டும். ‘செவன் சாமுராய்’ (1954) மாதிரி 207 நிமிடப் படத்தைச் சொல்வதானால் “மதியம் மூணு மணிக்குப் போடுங்க” என்று சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் இடைவேளை படத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நிறுத்தி டீ போட்டுக்கொண்டால் மழைக்கு நடுவே நடக்கும் கடைசிச் சண்டைக்குத் தெம்பாக வரலாம்.

ஒரே பெயர், வேறு படம்

காசு வீணாவது அதிகமும் இங்கேதான். பெயரை மட்டும் அனுப்பினால் தேடுபவர் கண்ணில் முதலில் படுவதை எடுத்துவிடுவார். ‘சோலாரிஸ்’ என்று தேடினால் தார்க்கோவ்ஸ்கியின் 1972 படமும் (167 நிமிடம்) சோடர்பெர்க்கின் 2002 படமும் (99 நிமிடம்) வரும். ‘ஓல்ட்பாய்’ 2003 கொரியப் படம், 2013 ஹாலிவுட் படம். இயக்குநர் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம்: ‘தி வானிஷிங்’ படத்தை 1988-இல் டச்சில் எடுத்த ஜார்ஜ் ஸ்லூய்சரே 1993-இல் ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார், முடிவை மாற்றி. முதல் படத்தின் பெருமையே அந்த முடிவுதான். ஹானெக்கேயின் ‘ஃபன்னி கேம்ஸ்’ படமும் அப்படியே, 1997, 2007 இரண்டும் அவருடையவை.

எனவே பெயரோடு ஆண்டும் மொழியும் கட்டாயம். பல வெட்டுகள் (ஒரே படத்தை வேறுவேறு விதமாகத் தொகுத்த வடிவங்கள்) உள்ள படமானால் எந்த வெட்டு என்பதும் வேண்டும். ‘பிளேட் ரன்னர்’ என்றால் 2007-இன் ‘ஃபைனல் கட்’ என்று குறிப்பிடுங்கள். 1982-இல் திரையரங்குகளுக்கு வந்த வடிவத்தில் கதாநாயகனின் பின்னணிக் குரலும் ஒட்டவைத்த சுப முடிவும் இருக்கும்.

யாரோடு பார்க்கிறார்கள் என்று கேட்காமல் சொல்வது

‘தம்போபோ’ (1985) ஜப்பானிய நூடுல்ஸ் கடை பற்றிய படம், ஜாலியாக இருக்கும் என்று குடும்பத்துக்கே சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்த வெள்ளை கோட்டு ரவுடியும் காதலியும் முட்டை மஞ்சள்கருவை வாய்க்கு வாய் மாற்றும் காட்சி அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். ஓர் ஆமையை நிஜமாகவே அறுக்கும் காட்சியும் உண்டு. பாட்டி, பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும். நண்பர்கள் நாலு பேர் என்றால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது, சமையலறையில் நூடுல்ஸ் பாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சப்டைட்டிலும் இதே சிக்கல்தான். நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் பிறமொழிப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கும். அதை வேகமாகப் படிக்க முடியாத ஒருவர் கூட இருந்தால், பக்கத்தில் உள்ளவர் இரண்டு மணி நேரம் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருவருக்கும் படம் போச்சு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு வசனமில்லாத படங்களே வழி. கமல்ஹாசனும் சிங்கீதம் சீனிவாச ராவும் சேர்ந்து செய்த ‘பேசும் படம்’ (1987) இருக்கிறது. மைக்கேல் டுடோக் டி விட்டின் ‘தி ரெட் டர்டில்’ (2016) 80 நிமிடம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

மொழிமாற்றப் பதிப்பு தனிப் பதிவாகப் பட்டியலில் கிடப்பதும் உண்டு. பணம் கட்டும் முன் படத்தின் விவரப் பக்கத்தில் ‘ஆடியோ’, ‘சப்டைட்டில்’ என்ற இரண்டு வரிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மூலமொழி ஆடியோ அந்த வரியில் இல்லையென்றால் வேறு பதிவைத் தேட வேண்டும்.

48 மணி நேரக் கடிகாரம்

வாடகைத் தளங்களில் பொதுவான விதி: பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்த நொடியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். படத்துக்குப் படம், தளத்துக்குத் தளம் இது மாறலாம். வாடகைப் பொத்தானின் அடியிலேயே எழுதியிருக்கும். பலரும் கவனிக்காதது, கடிகாரம் ஓடத் தொடங்குவது பணம் கட்டும்போது அல்ல, ‘பிளே’ அழுத்தும்போது என்பதுதான். “ஓடுதான்னு பாக்கறேன்” என்று வியாழக்கிழமை இரவு பத்து விநாடி ஓட்டிப் பார்த்தால் சனிக்கிழமை இரவோடு கதை முடிந்தது. சோதிக்க வேண்டுமானால் டிரெய்லரை ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டு படம் எடுத்தால் முதலாவதை முடித்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். ஆரம்பிக்காத படத்துக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கப் பல தளங்களில் வழி உண்டு. ஓட்டிய படத்துக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

அதற்கும் முன்னால், ஏற்கெனவே மாதச் சந்தா கட்டும் தளத்தில் அந்தப் படம் இருக்கிறதா என்று, எந்தப் படம் எந்தத் தளத்தில் கிடைக்கும் எனக் காட்டும் ஜஸ்ட்வாட்ச் மாதிரியான இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. சும்மா கிடைப்பதற்கு வாடகை கொடுப்பவர்கள் நிறைய.

படத்தில் தப்பில்லை, திரையில்தான்

லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் பழைய புரொஜக்டருக்கு இழுத்தால் சத்தம் வந்து படம் கறுப்பாக நிற்கலாம். வாடகைப் படங்களில் எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்பு உண்டு. நடுவில் உள்ள ஸ்பிளிட்டரோ (ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் கருவி) புரொஜக்டரோ அதற்கு ஒத்துழைக்காவிட்டால் படம் வராது. போன் திரையை டிவியில் பிரதிபலித்தாலும் இதே கதை. டிவியிலேயே உள்ள செயலி, அல்லது டிவியில் செருகும் ஸ்டிக், இவை இரண்டில்தான் தொல்லை குறைவு. கணினி பிரவுசரில் எச்.டி. என்று பணம் கட்டிய படமும் சில சமயம் குறைந்த தரத்திலேயே ஓடும்.

‘தும்பாட்’ (2018) மாதிரி லாந்தர் வெளிச்சத்திலேயே நடக்கும் படங்களை மதியம் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ என்றிருப்பதை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றி, அறையை இருட்டாக்கச் சொல்லுங்கள். ‘எக்கோ’ அல்லது மின்சேமிப்பு என்றிருப்பதையும் அணைக்க வேண்டும், அது திரையை மேலும் மங்கலாக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் மழைச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். டிவியின் ஒலி அமைப்பில் 5.1 (அறையைச் சுற்றி ஆறு ஸ்பீக்கர்களுக்கானது) என்றிருந்து வெறும் இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் பேச்சு இன்னும் அமுங்கும்; ஸ்டீரியோ அல்லது பி.சி.எம். என்று மாற்றினால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். தமிழ்ப் படமானாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை.

கதையைச் சொல்வதும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும்

‘ஒன் கட் ஆஃப் த டெட்’ (2017) ஜப்பானியப் படம். வெறும் 30 லட்சம் யென்னில் எடுத்தது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட்டில் ஓடும் மலிவான ஜோம்பி படம். நடிப்பு தடுமாறும், கேமரா தடுமாறும், காரணமில்லாமல் சிலர் சும்மா நிற்பார்கள். இருபதாவது நிமிடத்தில் “என்னடா படம் சொன்ன?” என்று செய்தி வரும். அந்தத் தடுமாற்றம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பதில் இருக்கிறது, அதுதான் படமே. ஏன் என்று விளக்கினால் படம் கெட்டது. விளக்காமல் விட்டால் அணைத்துவிடுவார்கள். “40 நிமிஷம் வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே பாருங்க, நிறுத்தாதீங்க” என்று மட்டும் சொல்ல வேண்டும்.

எந்தப் படத்துக்கும் இந்த அளவு போதும். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக இப்படி அனுப்பலாம்: “ஆஃப்டர் அவர்ஸ், 1985, ஸ்கார்செஸி, ஆங்கிலம், 97 நிமிஷம். ஒரே ராத்திரியில நடக்கற கிறுக்குத்தனமான காமெடி. குழந்தைங்க தூங்கினப்புறம் போடுங்க.” கூடவே மாற்றாக இன்னொரு படம், வேறு மனநிலையில். பத்துப் பெயர் வேண்டாம். பட்டியல் நீண்டால் டிரெய்லர் பார்த்தே இரவு கழிந்துவிடும். நட்சத்திர மதிப்பெண்ணை வைத்தும் சிபாரிசு செய்யாதீர்கள். பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் திட்டிய படத்துக்கு நடுவாந்தரமான எண்தான் வரும், இந்த வகைப் படங்களுக்கு நடப்பது அதுவே.

இணையத்தை நம்பி உட்கார்வது

எச்.டி.யில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 3 ஜி.பி. செலவாகும், சாதாரணத் தரத்தில் 1 ஜி.பி.க்குள். நாளுக்கு 2 ஜி.பி. தரும் மொபைல் பேக்கில் எச்.டி. படம் பாதியைக்கூடத் தாண்டாது. மழை வலுக்கும் முன், வைஃபை இருக்கும்போதே போனிலோ டேப்லட்டிலோ தளத்தின் செயலி வழியாகத் தரவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சிறிய திரைக்குச் சாதாரணத் தரமே தாராளம். பல தளங்களில் வாடகைப் படத்தை ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் இறக்கிவைக்க முடியும். எந்தக் கருவியில் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் இடமானால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். உதவும். வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், பெரும்பாலும் 12 இருக்கும், சிலவற்றில் 9 அல்லது 5. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டரை அந்த லைனில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். மழை வருவதற்கு முன் ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.