பெரிய ரெப்போவுக்குள் இருக்கும் சின்னக் கருவியைத் தனியாக வெளியிட

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு எழுதின பெரிய ரெப்போவுக்குள் (கோடு முழுவதையும் வெச்சிருக்கும் கிட் களஞ்சியம்) பார்கோடு அச்சிடும் சின்னக் கருவி ஒன்று இருக்குதுங்களா? அதை மட்டும் வெளியிட, டேக்கில் (வெளியீட்டைக் குறிக்கும் பெயரில்) கருவியின் பெயரையும் சேருங்க: 'பார்கோடு/வி1.2.0'. கோ (Go) நிரல் மொழியில் துணை ஃபோல்டரிலுள்ள மாட்யூலுக்கு ஃபோல்டர் பாதையே டேக்கின் முன்னால் வர வேண்டும், அது கட்டாயம்.

பொட்டலம் கட்ட 'கிட் ஆர்கைவ்' (git archive) கட்டளை போதும். டேக்கையும் ஃபோல்டர் பாதையையும் இடைவெளி விட்டுக் கொடுங்க. நடுவில் கோலன் போட்டால் மேல் ஃபோல்டர்கள் இல்லாமல் சுத்தமாக வரும். ஆனால் ஃபைல்களில் கமிட் (கோடு மாற்றத்தைப் பதிவு செய்த) நேரத்துக்குப் பதில் கட்டிய நேரம் பதியும். அதே டேக்கை மறுபடி கட்டினால் செக்சம் (ஃபைல் மாறலைன்னு சரிபார்க்கும் எண்) மாறிடும். வாங்குறவங்க சரிபார்க்க முடியாத பொட்டலத்தை நான் அனுப்ப மாட்டேன்.

லைசென்ஸ் ஃபைல் பெரும்பாலும் ரெப்போவின் மேல்மட்டத்தில்தான் இருக்கும், இப்படிக் கட்டும்போது விடுபட்டுடும். ஒரு நகலைக் கருவியின் ஃபோல்டரிலேயே வெச்சிடுங்க.