உடைந்த எஞ்சின் ஸ்டட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி டர்ட் பைக் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். சைலன்சரைப் பிடிக்கும் ஸ்டட், அதாவது இரு முனையிலும் மரை உள்ள தலையில்லாத போல்ட், உடைந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. ஆனால் உடைந்த ஸ்டட்டின் நடுவே இன்னொன்று பளபளத்தது: முறிந்த ஈஸி அவுட், உடைந்த போல்ட்டுக்குள் விட்டு இடப்பக்கம் திருகி வெளியே எடுக்கும் கருவி. "அண்ணே, லேசாத்தான் திருகினேன்" என்றான். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

கண்ணாடி போடுங்கள், இடப்பக்கம் திருகுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எடுத்ததுமே ஈஸி அவுட்

இதற்கு அந்தப் பெயரை வைத்தவர் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

ஸ்டட் ஏன் உடைந்தது? இரும்பு ஸ்டட், அலுமினிய ஹெட். சூடு, சேறு, ஈரம் எல்லாம் சேர்ந்து மரைக்குள் அரிப்பு ஏறி, வெள்ளைப் பொடியாக இறுகிவிடும். 8 மி.மீ. ஸ்டட் முழுசாக இருந்தபோதே அந்தப் பிடியை விடுவிக்க முடியாமல் முறிந்தது. இப்போது அதற்குள் ஓட்டை போட்டு, அதில் பாதி தடிமன்கூட இல்லாத ஒன்றை விட்டுத் திருகினால் வந்துவிடுமா? போதாக்குறைக்கு ஈஸி அவுட் கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை விரித்து, மரையை இன்னும் இறுக்கும்.

எனக்கு நடந்தது ஒரு 250 சிசி ஹெட்டில். கைப்பிடி ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் இழுத்துக் கொடுத்தது. கழல்கிறது என்று நினைத்தேன். 'டிக்' என்றது. ஈஸி அவுட் கடினமாக்கிய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கி, பக்கத்து அலுமினியத்தைத்தான் குடையும். அது புரியாமல் இரண்டு நாள் முட்டினேன். வட்டத் துளை முட்டை வடிவமானது. கடைசியில் ஸ்பார்க் எரோஷன், அதாவது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் வேலை, செய்யும் பட்டறையில் எடுத்தார்கள். அப்புறம் துளையை வெல்டிங்கில் நிரப்பி, புதிதாக மரை போட வேண்டியிருந்தது. பில்லை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஸ்டட் இறுகாமல், அடிபட்டு முறிந்திருந்தால் ஈஸி அவுட் சரி. இறுகி முறிந்ததற்கு, மேலே ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் நிரப்புங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே அரிப்பின் பிடியைத் தளர்த்தும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். வெல்டிங் வசதி இல்லையா, இடப்பக்கம் சுழன்று துளையிடும் இடச்சுற்று டிரில் பிட் வாங்குங்கள். சில நேரம் துளையிடும்போதே ஸ்டட் கூடவே சுழன்று வெளியே வந்துவிடும்.

பஞ்ச் அடிக்காமல் துளையிடுவது

உடைந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும்; பிட் மென்மையான அலுமினியப் பக்கம் ஓடும். முகத்தை அரத்தால் சமமாக்கி, நடுவில் பஞ்சால் சிறு குழி அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்குங்கள். 8 மி.மீ. மரைக்கு டேப் துளை, அதாவது மரை வெட்டும் முன் போடும் துளை, 6.8 மி.மீ. நடு அரை மி.மீ. விலகினாலே கடைசி பிட் ஒரு பக்க மரையைத் தின்றுவிடும்.

இறுகிய மரையை இளக்கும் எண்ணெய் அடித்த ஐந்தாவது நிமிடமே திருகுவது

ராத்திரி முழுக்க ஊறட்டும்.

ஸ்டட்டையே சூடாக்குவது

வெல்டிங் இல்லாமல் தீயால் சூடாக்குவதானால், சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எண்ணெய் ஈரத்தின்மேல் மட்டும் தீயைக் காட்டாதீர்கள்.

பிரேக் கிளீனர் அடித்துவிட்டு வெல்டிங்

வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

புகை போகும் வழியான போர்ட்டை மூடாமல் துளையிடுவது

துணி திணியுங்கள்.

தம்பியின் ஹெட் இப்போது ஸ்பார்க் எரோஷனுக்குப் போயிருக்கிறது. வந்ததும் பக்கத்து ஸ்டட்டைத் தானே கழற்றுவதாகச் சொல்கிறான். சரி என்று சொல்லிவிட்டு, அவனுடைய ஈஸி அவுட் பெட்டியை என் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.