ஒரு பொருளின் மீது செயல்படும் தொடு விசைகளையும் தொடா விசைகளையும் கண்டறிவது எப்படி?

உராய்வு தொடு விசை, புவியீர்ப்பு தொடா விசை என்று மனப்பாடமாகச் சொல்பவர்கூட, கண்முன் இருக்கும் ஒரு பொருளின் மீது எந்தெந்த விசைகள் செயல்படுகின்றன என்று கேட்டால் தயங்குவதுண்டு. ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒரு ஜெம் கிளிப்பிலிருந்து தொடங்குவோம்.

முதலில், கிளிப்பில் தையல் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டுங்கள். வலுவான காந்தம் ஒன்றை அதற்கு மேலே பொருத்தி, கிளிப் அதைத் தொடாமல் சுமார் 1 செ.மீ. கீழே அந்தரத்தில் நிற்கும்படியும், நூல் விறைப்பாக இருக்கும்படியும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஓரிரு முறை கிளிப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பொறுமை தேவை.

அடுத்து, கிளிப்பை மட்டும் தாளில் வரைந்து, அதன் விளிம்பைச் சுற்றி விரலை நகர்த்தியபடி, ஒவ்வோர் இடத்திலும் அதை எது தொடுகிறது என்று பாருங்கள். நூல் தொடுகிறது, எனவே கீழ்நோக்கி ஓர் இழுவிசை உண்டு. காற்றும் தொடுகிறது, ஆனால் அசையாத காற்றின் விளைவு இங்கே மிகச் சிறியது என்பதால் அதை விட்டுவிடலாம். தொடு விசைகள் இத்துடன் முடிந்தன.

மூன்றாவதாக, தொடாமல் செயல்படுபவற்றைத் தேடுங்கள். தொடக்க நிலையில் புவியீர்ப்பு விசை, காந்த விசை, நிலைமின் விசை ஆகிய மூன்றைச் சோதித்தாலே போதும். 1 கிராம் நிறையுள்ள கிளிப்பைப் புவி சுமார் 0.01 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. காந்தம் மேலே இழுக்கிறது. கிளிப்பில் மின்னூட்டம் இல்லாததால் மூன்றாவது விசை இல்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கிளிப் அசையாமல் நிற்பதால் காந்த விசையும் எடையும் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். நூலின் இழுவிசையும் கீழ்நோக்கியே இருப்பதால், எடையும் இழுவிசையும் சேர்ந்த அளவுக்குக் காந்த விசை இருந்தாக வேண்டும். நூலை வெட்டிப் பாருங்கள்: கிளிப் கீழே விழாமல் மேலே பாயும்.

வெட்டுவதற்கு முன், இடைவெளியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பது நல்லது. கிளிப் அப்படியே நிற்கும். தாளுக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தகட்டை நுழைத்தால், காந்தப் புலத்தின் பெரும்பகுதி தகட்டின் வழியே திரும்பிவிடுவதால் கிளிப் பெரும்பாலும் விழுந்துவிடும்.

இதே முறையைச் செங்குத்தாக மேலே எறிந்த பந்துக்குப் பயன்படுத்துங்கள். கை பந்தைத் தொடவில்லை. எனவே 'எறிந்த விசை' என்று எதையும் வரையக்கூடாது. மேலேறும்போது காற்றுத்தடை, புவியீர்ப்பு ஆகிய இரண்டும் கீழ்நோக்கிச் செயல்படுகின்றன. உச்சியில் வேகம் சுழியாகும் அந்தக் கணத்தில் காற்றுத்தடையும் மறைந்துவிடுவதால், படத்தில் கீழ்நோக்கிய ஒரே ஓர் அம்புக்குறிதான் இருக்கும்.