இட்டேரியில் நடக்கும்போது செய்யக்கூடாதவை

காட்டுயிர் பார்க்க வேண்டுமென்றால் டாப்ஸ்லிப்புக்கோ சத்தியமங்கலத்துக்கோ போனால்தான் உண்டு என்று நினைக்கிறோமே, தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. யானை நிற்குமா, சிறுத்தை தாண்டுமா என்று வண்டியில் போய், வண்டியை விட்டு இறங்காமலே திரும்பி, ‘ஒன்னுமே கண்ணுல படலைங்க’ என்று சொல்பவர்கள் நம் பக்கம் ஏராளம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் கொறங்காடுகளும், இரண்டு பக்கமும் உயிர்வேலி நிற்கிற இட்டேரிகளும் இவர்கள் கண்ணில் வெறும் மேய்ச்சல் காடு, வண்டித்தடம். அந்தக் கிளுவை வேலியில் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, முசுமுசுக்கை எல்லாம் ஏறிக் கிடக்கும். அடியில் ஆவாரையும் துத்தியும். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், நடுவே காங்கயம் மாடு. கம்பி வேலி வந்த இடங்களில் இதில் பாதி இல்லை. இருக்கிற இடத்திலாவது ஒழுங்காகப் பார்ப்போம்.

நடை என்று சொல்வதாலோ என்னவோ, பலரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கையில் கட்டிய கடிகாரம் வேறு காலடியை எண்ணுகிறது. உடம்புக்கு அது நல்லதுதான், ஆனால் அந்த வேகத்தில் நமக்குத் தெரிவது பறந்துபோகும் முதுகுகள் மட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் உங்களைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கி, மறுபடி தரையில் சருகைப் புரட்ட ஆரம்பிக்கும். அப்புறம்தான் ஓணான் தலையை நீட்டும், கீரி தடத்தைத் தாண்டும்.

பறவைக்கு விடியற்காலை சரி. எல்லாவற்றுக்கும் அதுவே நேரம் என்று எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பினால் வண்ணத்துப்பூச்சிகளைக் கோட்டை விட்டீர்கள். வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் அவை பறக்கும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பாருங்கள். புள்ளி ஆந்தைக்குப் பொழுது சாய வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இரைச்சலில் பறவைக் குரல் காதில் விழாது. அப்போது செடிகொடியைப் பார்க்கப் போங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் கொறங்காடு வேறு காடாக இருக்கும். வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும்.

அடுத்தது, பெயர் சொல்லும் அவசரம். செல்போனில் படம் எடுத்ததும் செயலி ஒரு பெயரைச் சொல்கிறது, நாமும் சரியென்று நகர்ந்துவிடுகிறோம். பூவை மட்டும் படமெடுத்தால் செயலியும் தடுமாறத்தான் செய்யும். இலை தண்டில் எப்படி அமைந்திருக்கிறது, இலையின் அடிப்புறம், காய், முழுச்செடி எல்லாம் வேண்டும்.

வேலியோர எருக்கஞ்செடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளையை ஒடிக்காமல் இலையைச் சற்றே தூக்கிப் பாருங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டை ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கலாம். புழு கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு இருக்கும், முதுகில் மூன்று ஜோடி கருங்கொம்பு. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் அதைச் சீந்துவதில்லை. இந்தப் பாதுகாப்பைப் பார்த்துத்தான் இன்னொரு இனத்தின் பெண் வண்ணத்துப்பூச்சி அச்சு அசலாக இதே ஆரஞ்சு வேடம் போடுகிறது. அதன் புழு பருப்புக்கீரை தின்று வளர்வது, நஞ்சு கிடையாது. பின்சிறகின் நடுப்பக்கம் கரும்புள்ளி மூன்றோ நான்கோ இருந்தால் வெந்தய வரியன். ஒரே ஒரு புள்ளி, அதுவும் மேல்விளிம்பை ஒட்டி இருந்தால் வேடதாரி. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இந்த நாடகம் தெரியாமலே போகும். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயங்களில் வெள்ளையாக நிற்பதெல்லாம் ‘கொக்கு’ என்று முடித்துவிடுவதும் இதே கதை. கருத்த அலகும் மஞ்சள் பாதமும் சின்னக் கொக்குக்கு. மாட்டுக்குப் பின்னால் திரியும் உண்ணிக்கொக்குக்கு அலகே மஞ்சள்.

பறவையை வெளியே வரவழைக்கச் செல்போனில் அதன் குரலைப் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று பதறித்தான் அது வெளியே வருகிறது. கௌதாரி பிடிக்கிறவர்கள் பழக்கிய பறவையைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்களே, அதே தந்திரம்தான். கண்ணி மட்டும் இல்லை.

கூடு பார்க்கிற விஷயத்தில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. கோடையில் கொறங்காட்டுக்குள் போனால் ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். வறண்ட மேட்டில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. சிவப்பு மூக்கு ஆட்காட்டி தண்ணீர் ஓரத்தை விட்டு அதிகம் விலகாது. கூடு என்று கட்டுவதில்லை. வெறும் தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், அதில் வழக்கமாக நான்கு முட்டை, கூர்முனை உள்நோக்கி. மண்நிறத்தில் கரும்புள்ளியோடு இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. பறவை கத்துகிறதே, கூடு எங்கேயோ பக்கத்தில்தான் என்று தேடிப்போகிறோம். அதற்குள் தாய் முட்டையை விட்டு விலகி நிற்கிறது. அந்த வெயிலில் நிழல் இல்லாத முட்டை சீக்கிரமே கொதித்துவிடும். ஆட்காட்டிகள் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கும் பறவைகள் என்றால் சூடு அவற்றுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதாததற்குக் காக்கை வேறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஆட்காட்டி கத்தினால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். முட்டையைக் கையில் எடுத்துப் படம் பிடிப்பதெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் போகக்கூடிய வேலை.

செடி என்றால் ஓடாது, அதனால் பறிக்கலாம் என்றொரு துணிச்சல். கோடையில் கிளுவை இலையெல்லாம் உதிர்ந்து செத்த குச்சி மாதிரி நிற்கும். அதை ஒடித்து ஊன்றுகோல் ஆக்கிக்கொள்கிறார்கள். அது உயிருள்ள வேலி, ஒருவருடைய காட்டுக்கு எல்லை. வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் கிழங்கைத் தோண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பந்தலிட்டுப் பயிராக்கும் கண்வலிக்கிழங்கு இதுதான். இதில் உள்ள கோல்சிசின் ஆளைக் கொல்லும். குன்றிமணியைக் குழந்தைகள் கையில் கொடுத்து விளையாடவிடாதீர்கள். எருக்கம்பாலோ திருகுகள்ளிப் பாலோ பட்ட கையால் கண்ணைத் தொட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பாம்பு விஷயத்தில் பயத்தைவிடக் கதைதான் அதிகம். இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நின்றால் ‘சாரையும் நாகமும் பிணையுது’ என்று கூட்டம் கூடிவிடும், வேட்டியைப் போடலாமா என்று ஒருவர் கேட்பார். பெரும்பாலும் அவை இரண்டுமே ஆண் சாரைகள்; நடப்பது மல்யுத்தம். தூர நின்று பார்த்தால் அருமையான காட்சி. மற்றபடி, கல்லுமேட்டில் சுருட்டை விரியன் உண்டு, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைதான்.

கொறங்காடு பொது இடம் இல்லை. உள்ளே போகும்முன் ‘ஏனுங்க, காட்டுக்குள்ள குருவி பாத்துக்கலாமுங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் தண்ணீர் கொடுத்து, மயில் எங்கே அடையும் என்றும் சொல்லி அனுப்புவார்கள். படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். திறந்து கிடந்த படல் வழியாக மாடு போய்ப் பக்கத்துக் காட்டுச் சோளத்தை மேய்ந்தால், அடுத்து குருவி பார்க்க வருகிறவருக்கு அங்கே இடமிருக்காது. வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தரையில் கூடு வைக்கும் பறவைக்கு அது எமன்.

தேவாங்கையோ மண்ணுளிப் பாம்பையோ கண்டால் இடத்தைச் சொல்லி வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வால் மொட்டையாக இருப்பதை ‘இரண்டாவது தலை’ என்று சொல்லி மண்ணுளியை லட்சக்கணக்கில் விலைபேசும் கும்பல்கள் இருக்கின்றன. கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அழியும் நிலையில் உள்ள இனங்களின் துல்லியமான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடும். குடும்பக் குழு மறைக்காது.

குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அபூர்வமாக ஏதாவது கண்டால் மட்டும் எழுதி, காக்கை, மைனா, மயிலை விட்டுவிடுகிறார்கள். ஒரே இட்டேரியில் மாதத்துக்கு ஒருமுறை நடந்து, கண்ட எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதினால்தான் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பின்னால் பேச முடியும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் காக்கைக்குக் கணக்கு உண்டு. மயில் பெருத்துவிட்டதாகத் தோட்டத்துக்காரர்கள் சொல்வதும், பார்க்க அழகு என்று நாம் சொல்வதும் ஒரே பறவையைத்தான். எத்தனை மயில், எந்தக் காட்டில், என்ன பயிரில் நின்றது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விதைத்த கடலையைக் கிளறிவிட்டது என்று அவர் சொன்னால் அதையும் அதே வரியில் சேர்த்து எழுதுங்கள்.