பூனை இருக்கும் வீட்டில் பட்ஜி என்ற சின்னக் கிளியை வளர்ப்பது எப்படி?

பழக்கினால் பூனையும் பறவையும் நண்பர்களாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு சாதுவான பூனையும் சிறகடிக்கும் சத்தம் கேட்டால் பாயத்தான் பார்க்கும். அது அதன் பிறவிக்குணம். அதனால் இரண்டுக்கும் நடுவே எந்நேரமும் கம்பியோ மூடிய கதவோ இருந்தே ஆக வேண்டும்.

முதலில் கூண்டைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சிறிய கூண்டுகளில் கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. பூனை பாதத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். தீனிக் கிண்ணத்துக்கான சின்னக் கதவுகளையும் விடாமல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கொக்கி போடுங்கள். கூண்டு கீழே விழுந்தால் அடித்தட்டு கழன்று பறவை வெளியே வந்துவிடும். தட்டை நான்கு மூலையிலும் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள்.

கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பட்ஜியின் தலை அதில் சிக்காது. ஆனால் பூனையின் நகம் நுழையும். பட்ஜிகள் கம்பியைப் பற்றித் தொங்கும் பழக்கமுள்ளவை என்பதால் கால்விரல்தான் முதலில் மாட்டும். இதற்கு நல்ல வழி, கூண்டைச் சுற்றி நான்கு அங்குலம் தள்ளி அரை அங்குல வெல்ட் மெஷ்ஷில் (பற்றவைத்த கம்பி வலை) இரண்டாவது அடைப்பு. கூண்டு குறைந்தது இரண்டடி அகலமாவது இருக்கட்டும். உட்காரும் குச்சியை, வால் கம்பிக்கு வெளியே நீட்டாதபடி நடுவில் பொருத்துங்கள்.

கூரைக் கொக்கியில் தொங்கவிட்டால் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். பூனை ஒருமுறை தாவித் தொற்றினால் கூண்டே ஆடி விழும். சுவரில் இரும்பு ஆங்கிள் (L வடிவத் தாங்கி) அடித்து அதன்மேல் கட்டுவதே உறுதி. நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவக்கூடிய பிராணி அது. பீரோ, ஃபிரிட்ஜ், ஜன்னல் திரை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பூனையால் தொட முடியாவிட்டாலும், மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து முறைத்தால் போதும், பட்ஜி தீனி எடுக்காது, இறகை ஒடுக்கிக்கொண்டு ஆடாமல் இருக்கும். கூண்டின் பின்புறமும் ஒரு பக்கமும் துணி மறைப்பு கொடுங்கள். இரவில் அந்த அறைக் கதவைத் தாழிடுங்கள்.

பறவையை வெளியே பறக்கவிடும் முன், பூனைக்குச் சோறு வைத்து வேறு அறையில் அடையுங்கள். அது உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தபின் ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடி, பிறகு கூண்டைத் திறந்துவிடுங்கள். பூனைக் கழுத்தில் மணி கட்டியிருப்பதை நம்ப வேண்டாம். பதுங்கும்போது அது ஒலிக்காமல் போகலாம்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், காயம் சிறியது என்று காத்திருக்கவே கூடாது. பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவை இறந்துவிடும். பூனை வாயில் கவ்வியிருந்தால், காயமே தெரியாவிட்டாலும் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவாதீர்கள். இறகு ஒட்டிப்போய் உடல் சூடு குறையும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மெல்ல அழுத்தி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார் என்பதைக் கூண்டு வாங்கும் அன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள்.