ஈசிஆர் ரிசார்ட்டில் கல்யாணம்: விருந்தினருக்கு என்னென்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்

ஊர் மண்டபத்தில் கல்யாணம் என்றால் சொந்தக்காரர்களுக்குத் தனியாக எதையும் விளக்கத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்), கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு ரிசார்ட்டில் வைக்கும்போது நிலைமை வேறு. வாசலில் செக்யூரிட்டி பெயர் கேட்பார், கவுன்டரில் ஆதார் கேட்பார்கள். அறையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு உண்டா என்பது தெரியாமல் பெரியவர்கள் தொடாமல் வைத்திருப்பார்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இவை. அவற்றுக்கு முன்கூட்டியே பதில் சொல்வதுதான் விருந்தினர் தகவல் தாளின் வேலை.

எப்போது அனுப்புவது

பத்திரிகை அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் 75 நாளுக்கு முன்பே தேதி, முகூர்த்த நேரம், இறங்க வேண்டிய நிலையம் ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 30 நாளுக்கு முன்பு எத்தனை பேர், எந்த ரயில், எந்த விமானம் என்று கேட்டு வாங்குங்கள். முழுத் தகவல் தாள் 10 நாளுக்கு முன்பு போகட்டும். பெரியவர்களுக்கு அதையே பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக அச்சடித்துப் பத்திரிகையோடு கொடுங்கள்; ஆறு பக்க பிடிஎஃப்பை அவர்கள் திறப்பதில்லை. முந்தின நாள் அனுப்புவதில் வாசலின் மேப் பின், அறை எண், உதவிக்கு இருவரின் போன் நம்பர் மட்டும் போதும். அந்த இருவர் பெண்ணின் அப்பாவாகவோ மாப்பிள்ளையின் அம்மாவாகவோ இருக்கக் கூடாது. அன்று அவர்களால் போனை எடுக்கவே முடியாது.

வந்து சேரும் வழி

மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கமிருந்து ரயிலில் வருபவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டில் இறங்கினால் மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.தான். எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது என்பதால், நிற்கும் ரயில்களின் பெயர்களைத் தாளிலேயே எழுதுங்கள். தென் மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் முடிகின்றன. அங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக வரலாம்; சென்னை நகருக்குள் நுழையவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 50 கி.மீ. சனி, ஞாயிறு மாலைகளில் ஈசிஆர் நெரியும் என்பதால் இரண்டு மணி நேரம் என்றே போடுங்கள்.

ரிசார்ட்டின் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது. ஒரே மாதிரிப் பெயருள்ள இடங்கள் அந்தச் சாலையில் பல. வாசலில் நின்று எடுத்த மேப் பின்னோடு, சாலை நடுவே தடுப்பு இருப்பதால் எங்கே யு-டர்ன் போட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வாடகைக் கார் ஆப்பில் வருவதற்கு வண்டி கிடைத்துவிடும். அதிகாலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ திரும்பிப் போகக் கிடைப்பது கஷ்டம். ஆகவே திரும்பும் வண்டியையும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். 12 பேர் டெம்போ டிராவலரில் பெட்டிகளோடு 9 பேர்தான் வசதியாக உட்கார முடியும். அந்தக் கணக்கில் வண்டி பேசுங்கள்.

சொந்தக் காரில் வருபவர்களின் டிரைவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் எங்கே சாப்பிடுவார்கள், இரவு எங்கே படுப்பார்கள் என்பது தாளில் இருக்க வேண்டும். ரிசார்ட்டில் டிரைவர் அறை இல்லையென்றால் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை போடுங்கள். விடிய விடிய காருக்குள் கிடந்தவர் மறுநாள் 400 கி.மீ. ஓட்டக் கூடாது.

அறையும் பணமும்

பெரும்பாலான ரிசார்ட்டுகளில் செக்-இன் பகல் 2 மணி, செக்-அவுட் 11 அல்லது 12 மணி. நம் கல்யாணங்களோ விடிகாலை முகூர்த்தம், பகல் சாப்பாடு. இரண்டும் மோதும். காலை 5 மணி ரயிலில் இறங்குபவருக்கு அறை தயாராக இருக்காது. ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு என்று நான்கு அறைகளை முந்தின இரவிலிருந்தே எடுத்துக் குளிக்க, உடை மாற்ற ஒதுக்குங்கள். கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போதே அறையைக் காலி செய்யச் சொல்லி அறைக்குப் போன் வரும். இதைத் தவிர்க்க, பெரியவர்களின் அறைகளுக்கு மட்டுமாவது 2 மணி வரை நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பெட்டி வைக்க ஒரு பூட்டிய அறை வேண்டும்.

யார் எதற்குப் பணம் தருகிறார்கள் என்பதை எழுதத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். எழுதாமல் விட்டால் லாபியில் பில்லை நீட்டும்போது மனக்கசப்பு வரும். இப்படி எழுதலாம்: ‘இரண்டு இரவு அறையும் எல்லா வேளைச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அறையில் இருக்கும் தண்ணீர், காபி, டீக்குக் காசு இல்லை. அறைக்கு வரவழைக்கும் உணவு, லாண்டரி, ஸ்பா ஆகியவற்றுக்கு ரிசார்ட் தனியாகப் பில் தரும்.’ மினி பாரை முன்பே காலி செய்யச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் சாக்லேட்டைப் பார்த்தால் எடுக்கத்தான் செய்வார்கள். செக்-இன்னில் முன்பணம் கேட்கும் ரிசார்ட் என்றால், உங்கள் பட்டியலில் உள்ளவர்களிடம் கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

வயது வந்த ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, கனடாவிலிருந்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்ட வேண்டும்; வந்து 24 மணி நேரத்துக்குள் ரிசார்ட் அவர்களின் விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். பிரதிகளை முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் கவுன்டரில் நிற்க வேண்டியிருக்காது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரைத்தள அறை, மண்டபத்துக்குப் பக்கத்தில். பேட்டரி வண்டியைக் கூப்பிடும் எண்ணையும் கொடுங்கள்.

கடற்கரை

இது கிழக்குக் கடல். சூரியன் கடலில் உதிக்கும். மறைவது நிலத்தின் பக்கம். டிசம்பர் நடுவில் 5.45 மணிக்கும், தை மாதத்தில் 6 மணியை ஒட்டியும் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சத்தில் மணலில் படம் எடுக்க நினைத்தால் ‘மாலை 6 மணி’ என்று போடாமல் 4.45 என்று போடுங்கள்.

குதிகால் செருப்பு மணலில் புதையும். தட்டைச் செருப்பு போதும். காற்று பலமாக இருக்கும், முந்தானைக்கு ஊக்கு நிறைய வேண்டும், வேட்டிக்கு ஒட்டிக்கோ நல்லது. உப்புக் காற்று பட்டின் சரிகையைக் கருக்கக்கூடும் என்பதால் நல்ல பட்டை முகூர்த்தத்துக்கு வைத்துக்கொண்டு, கடற்கரை நிகழ்ச்சிக்குப் பருத்தி உடுத்தச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி மணலில் உருளாது. பலகைப் பாதை போட்டிருந்தால் அது எங்கே தொடங்குகிறது என்று எழுதுங்கள்.

கடலைப் பற்றிய வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும்: கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். இந்தக் கரையில் சில அடி தூரத்திலேயே ஆழம் வந்துவிடும். திரும்பும் அலை காலடி மணலை அரித்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களையும் அடித்துப் போயிருக்கிறது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். குழந்தைகளுக்கு நீச்சல் குளம் போதும். பல இடங்களில் நைலான் உடை இல்லாமல் இறங்க விடமாட்டார்கள், எடுத்து வரச் சொல்லுங்கள்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், அது சட்டம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிட வரும் காலம். விளக்கு வெளிச்சம் அவற்றையும் குஞ்சுகளையும் திசை மாற்றிவிடும். கச்சேரி முடிந்ததும் கடற்கரை விளக்குகளை அணைப்போம், டார்ச் அடிக்காதீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் மழை வரும் என்றே திட்டமிடுங்கள். உள்ளே நடத்துவதா வெளியே நடத்துவதா என்பதை அன்று பகல் 12 மணிக்குள் முடிவு செய்து, ஒரே எண்ணிலிருந்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

சாப்பாடு, மருந்து, மொய்

காபி 5.30 மணிக்கு எங்கே கிடைக்கும் என்பதைத்தான் பெரியவர்கள் முதலில் தேடுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்காக இரவுச் சாப்பாட்டை 7.30 மணிக்கே திறந்து வையுங்கள். கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனை இருக்கிறது, அவசரத்துக்கு 108. வழக்கமான மாத்திரையை இரண்டு நாள் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே ஏடிஎம் இருக்காது என்பதால் மொய்ப் பணத்தை வழியிலேயே எடுத்துக்கொள்ளவும், மேசை எங்கே, எத்தனை மணி வரை என்றும் எழுதுங்கள்.

நேரம் மிச்சமிருப்பவர்களுக்கு: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் காலை 6 முதல் மாலை 6 வரை. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் ஈசிஆரிலேயே இருக்கிறது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

கிளம்பும் வண்டிகளின் நேரத்தை அறைவாரியாக எழுதி லாபியில் ஒட்டுங்கள். தாம்பூலப் பையையும் அங்கேயே கொடுக்க ஆள் நிறுத்துங்கள். அறையைக் காலி செய்து பெட்டியோடு வருபவர்கள் மறுபடி மண்டபத்துக்கு நடந்து போக மாட்டார்கள்.